யாரை விசாரிப்பது, யாரை விசாரியாமல் விடுவது

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில் நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம். 2023 ஜூன் 19, திங்கட்கிழமை காலை, இந்த ஊர் அருகே இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. சிலர் உயிரிழந்தார்கள்; ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அப்படி ரத்தம் வழிய ஸ்ட்ரெச்சரில் கிடத்தப்படும் ஒருவர் தனக்கான மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. எதிரில் நிற்பவர் என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார், தன்னுடைய காப்பீடு இங்கே செல்லுமா என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. முன்பின் அறியாத ஒரு கையிடம் உயிரை ஒப்படைக்கிறார். அந்த ஒப்படைப்புக்கு நம்பிக்கை என்று பெயர் சூட்டலாமா? நம்ப மறுக்கும் வாய்ப்பே இல்லாத இடத்தில் நம்பிக்கை எப்படி இருக்க முடியும்?

இதே வழியில் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு நோயாளி நடந்திருக்கிறார். பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில், சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியாருக்குக் கடுமையான சூலை நோய். பள்ளியில் இருந்தவர்கள் செய்து பார்த்தது எதுவும் பலிக்கவில்லை. இரவோடு இரவாகப் புறப்பட்டுப் பண்ருட்டியை ஒட்டிய திருவதிகைக்கு வந்து, தமக்கை திலகவதியாரின் காலில் விழுந்தார். பின்னாளில் அவரே திருநாவுக்கரசர். இதை நமக்குச் சொல்பவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சைவரான சேக்கிழார். சமணர் தரப்புக் கதை நம்மிடம் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். என்றாலும், வலி தாங்காத அந்த மனிதர் யாரைத் தேடிப் போனார் என்பது கவனிக்கத் தக்கது. தாய் தந்தை போன பிறகு, மணம் பேசியிருந்தவரும் போரில் மாண்ட பிறகு, தம்பிக்காகவே உயிர் தரித்திருந்த அக்கா அவர். அவருடைய தகுதிக்கு அவர் வாழ்ந்த வாழ்க்கையே சான்று. தம்பி அதைக் கண்ணால் பார்த்தே வளர்ந்தவர்.

பேருந்தில் அடிபட்டவருக்கு அந்த அக்கா கிடைப்பதில்லை. அந்நியர் ஒருவரே கிடைக்கிறார். அந்நியரை எதைக் கொண்டு நம்புவது என்ற கேள்வியை இந்தியத் தருக்க மரபு விரிவாகவே பேசியிருக்கிறது. காட்சி, கருதல் இவற்றோடு உரையையும் அறிவுக்கு வழியாகச் சைவ சித்தாந்தம் ஏற்றது. நியாய மரபும் ஏற்றது. ஆனால் எவர் உரை? ஆப்தன் உரை. பொருளை உள்ளபடி அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன் எவனோ அவனே ஆப்தன் என்று நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இலக்கணம் வகுத்தார். முனிவருக்கும் மிலேச்சருக்கும் அந்த இலக்கணம் பொது என்றும் சேர்த்துச் சொன்னார். இதைவிட வியப்பானது நியாய சூத்திரத்தில் உள்ள ஒரு வாதம். வேதத்தை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்விக்கு, மந்திரத்தையும் ஆயுர்வேதத்தையும் நம்புவது போலத்தான் என்று அது விடை சொல்கிறது. மருத்துவம் பலிப்பதைக் கண்டோம், அதைச் சொன்னவர் ஆப்தர் என்று தெளிந்தோம், அவ்வாறே வேதமும். வேதத்தின் நம்பகத்துக்கு மருத்துவரின் நம்பகம் எடுத்துக்காட்டாக நிற்கிறது! மருத்துவரைச் சோதிப்பது பக்திக் குறைவு என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

சோதிக்கச் சொன்னவர்களில் மருத்துவர்களே முன்னால் நிற்கிறார்கள். சரக சம்ஹிதை உயிரைக் காப்பவர், நோயை வளர்ப்பவர் என்று மருத்துவரை இரண்டாகப் பிரித்து, மருத்துவ வேடம் போட்டு நோயாளியைத் தேடி அலைபவர்களின் அடையாளங்களை வரிசையாகச் சொல்கிறது. திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரம் இரண்டு பக்கமும் எச்சரிக்கிறது: ஆராயாமல் நம்புவதும் துன்பம், தெளிந்து நம்பியபின் சந்தேகப்படுவதும் துன்பம். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இந்த இரண்டு துன்பமும் ஒன்றாகவே வந்து நிற்கும். ஆராய நேரமில்லை, சந்தேகப்பட்டு வேறிடம் அலைந்தால் உயிர் போகலாம்.

விசாரணையின் மறுபக்கமும் உண்டு. இதே மாவட்டத்தில், வடலூரில், 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்தவரைக் கண்டால் அவருடைய தேசம், சமயம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்காமல் முதலில் பசியை ஆற்ற வேண்டும் என்பது வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கத்தின் அடிப்படை. மேல்பட்டாம்பாக்கத்துக்கே இந்தக் கேள்வியோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. கிறிஸ்தவ சபைக்குள் சாதி இருக்கலாமா என்ற தகராறில் லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறிய மிஷனரி கார்ல் ஓக்ஸ், 1860களில் இங்கேதான் தன் பணியைத் தொடங்கினார். பிறகு டேனிஷ் மிஷன் அதோடு இணைந்தது. பந்தியில் யார் அருகில் யார் என்ற விசாரணையை மறுத்தவர்கள் பல சமயங்களிலும் இருந்திருக்கிறார்கள்.

விசாரியாமல் முதலில் காப்பது என்ற இடத்துக்குச் சட்டம் வந்து சேரக் காலம் பிடித்தது. விபத்தில் அடிபட்ட ஸ்கூட்டர்க்காரர் ஒருவரை, இது போலீஸ் கேஸ் என்று ஒரு மருத்துவமனை சேர்க்க மறுத்து, 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறொன்றுக்கு அனுப்பியது. வழியில் அவர் இறந்தார். அந்தச் செய்தியிலிருந்து எழுந்த பரமானந்த் கட்டாரா வழக்கில், 1989இல், உயிர் காப்பதே முதல் கடமை, அது அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் ஒன்றே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறாரா என்று பாராமல், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் அதன் வரம்பு 1 லட்சம் ரூபாய். இது வள்ளலாரின் நெறி, அரசாணை வடிவில்.

ஆக, நோயாளியை விசாரிப்பது தவறு. மருத்துவரை விசாரிக்காமல் விடுவதும் தவறு. கொடுக்கும் இடத்தில் இருப்பவர் பெறுபவரைத் துருவக் கூடாது. பெறுபவரோ துருவும் உரிமை இருந்தும் துருவ முடியாமல் கிடக்கிறார். அப்படியானால் அந்த உரிமையை அவருக்காக யாராவது முன்கூட்டியே பயன்படுத்தியிருக்க வேண்டும். மயங்கிக் கிடக்கும் மனிதரின் சார்பில் நினைவோடு இருப்பவர்கள் செய்யும் ஆராய்ச்சி அன்பின் ஒரு வகை. குறள் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்று நான்காக வகுத்ததே. அந்த நான்காமவரின் வேலையில் இதுவும் அடங்கும்.

இதற்குச் சில மணி நேரம் போதும். மருத்துவர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் காட்ட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் நடத்தை விதி. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்; பட்டமேற்படிப்பு பதிவாகியிருக்கிறதா என்பதையும் கேட்கலாம். அவசர சிகிச்சை இந்தியாவில் தனித்துறையாக அங்கீகாரம் பெற்றதே 2009இல்தான். ஆகவே சிற்றூர் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருப்பவர் எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவராக இருப்பதே பெரும்பாலும் நடப்பது. அது குற்றமில்லை; சுவாசக் குழாய் பொருத்தவும் ரத்தப்போக்கை நிறுத்தவும் பழகியவரா, எப்போது கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ ஜிப்மருக்கோ அனுப்புவார் என்று கேட்டு வைப்பதே முக்கியம். பதிவே இல்லாமல் மருத்துவம் பார்ப்பதுதான் குற்றம். தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு மருத்துவமனை சேர்ந்திருப்பது வேறு, நமக்கு வேண்டிய அறுவைக்காகச் சேர்ந்திருப்பது வேறு. இதையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்க வேண்டும்.

மருத்துவரிடம் அவருடைய தொழில் பொறுப்புக் காப்பீடு பற்றிக் கேட்கலாமா? பலருக்கு இது அவமதிப்பாகத் தோன்றும். கட்டணம் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்தப் பாலிசி எடுத்த மருத்துவர்கள் ஏராளம். தருக்க மரபின் ஆப்தன் பொய் சொல்லாதவன். ஆனால் நள்ளிரவில், ஒரே நேரத்தில் பதினைந்து பேரைப் பார்க்கும் நல்ல மருத்துவரும் தவறக் கூடும். தன் கை தவறினால் எதிரில் இருப்பவரின் குடும்பம் நிர்க்கதியாகக் கூடாது என்று முன்னரே ஏற்பாடு செய்து வைத்திருப்பவர், அறிவோடு பணிவும் உள்ளவர். அந்தப் பணிவையும் தகுதியில் ஒன்றாக எண்ணிக் கேட்டால் கேள்வியின் தொனியே மாறிவிடும்.

திருவதிகைத் தேருக்கும் வடலூர்த் தைப்பூசத்துக்கும் மாதா கோயில் கொடியேற்றத்துக்கும் நோட்டீஸ் அடிக்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. அதன் பின்பக்கம் பெரும்பாலும் நன்கொடையாளர் பட்டியலுக்குப் போகிறது. அருகில் இரவிலும் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைகள், 48 மணி நேரத் திட்டத்தில் அவற்றில் எவை சேர்ந்திருக்கின்றன, 108 என்ற ஆம்புலன்ஸ் எண் ஆகியவற்றுக்கு அங்கே நான்கு வரி ஒதுக்கலாம். ஆண்டுதோறும் அச்சுக்குப் போகும் முன் யாராவது நேரில் போய்ச் சரிபார்த்து வரலாம்.