இருபது நிமிஷம்

பெர்லினில் மகன் வீட்டில் மூன்று மாதமாகத் தங்கியிருக்கிறேன். இங்கிருந்து ரயிலில் ஆறு மணி நேரத்துக்குள் வார்ஸா போய்விடலாம். அவனுக்குச் சனி, ஞாயிறுதான் ஓய்வு. வெள்ளி மாலை கிளம்பி, ஞாயிறு மாலை ரயிலில் திரும்புவது என்று முடிவாயிற்று. "என்னென்ன பார்க்கணும்னு நீங்களே எழுதிடுங்கப்பா" என்று ஒரு தாளையும் பென்சிலையும் வைத்துவிட்டுப் போனான்.

எழுதினேன். சனி காலை பழைய நகரமும் அரண்மனையும், இரண்டரை மணி. ஷோப்பானின் இதயம் ஒரு தூணுக்குள் வைக்கப்பட்டிருக்கும் தேவாலயம், 15 நிமிஷம். சாப்பாடு, ஒரு மணி. ஸ்டாலின் காலத்து சோவியத் அன்பளிப்பான கலாச்சார மாளிகையின் 30வது மாடி, முக்கால் மணி. உம்ஷ்லாக்பிளாட்ஸ், 20 நிமிஷம்.

பென்சில் அங்கே நின்றுவிட்டது என்று எழுதினால் நாடகமாகிவிடும். நிற்கவில்லை. அடுத்த வரியில் லாஸியென்கி பூங்காவுக்கு ஒன்றரை மணி ஒதுக்கியபின், கூட்டிப் பார்ப்பதற்காக மேலே கண்ணை ஓட்டியபோதுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்பது உறைத்தது.

உம்ஷ்லாக்பிளாட்ஸ் என்றால் சரக்கை ஏற்றி இறக்கும் இடம். 1940 நவம்பரில் அடைக்கப்பட்ட வார்ஸா கெட்டோவிலிருந்து, 1942 ஜூலை 22 தொடங்கி செப்டம்பருக்குள், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை இங்கேதான் ரயிலேற்றினார்கள். ரயில் ட்ரெப்லிங்காவின் விஷவாயு அறைகளுக்குப் போயிற்று. இப்போது அங்கே இருப்பது 1988இல் எழுப்பிய நினைவுச் சின்னம். திறந்த சரக்குப் பெட்டியை ஞாபகப்படுத்தும் வெண்சுவர்கள்; சுவரில் குடும்பப் பெயர் இல்லாமல் முதற்பெயர்கள் மட்டும், 400க்கு மேல். இதைப் பார்த்து முடிக்க எவ்வளவு நேரமாகும்? நிஜத்தில் 20 நிமிஷம்தான் ஆகும். என் கணக்கில் தப்பில்லை. தப்பில்லாமல் இருப்பதுதான் உறுத்துகிறது.

ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதியதும் எல்லாம் ஒரே நாணயத்தில் விலை பேசப்பட்டுவிடுகின்றன. சாப்பாட்டுக்கு 60, அதற்கு 20. சரி, 20ஐ அழித்து 180 என்று போட்டால் நியாயமாகிவிடுமா? எத்தனை பேர், எத்தனை நிமிஷம் என்று வகுத்துப் பார்க்கும் வக்கிரம்கூட ஒரு கணம் மனதில் எட்டிப் பார்த்தது. கூட்டினாலும் குறைத்தாலும் நாணயம் அதேதான்.

என் நண்பரொருவர், கவிஞர், இம்மாதிரி இடங்களுக்குப் போவதே ஆபாசம் என்பவர். பல வருஷங்கள் நானும் அவர் கட்சியில் இருந்தேன். இப்போது சந்தேகம் வந்திருக்கிறது. போகாமலிருப்பதற்கு மரியாதை என்று பெயர் சூட்டிக்கொள்வது சுலபம். அதற்காக நாம் இழப்பது ஒன்றுமில்லை. அதே நண்பர் வார்ஸாவுக்குப் போனால் பழைய நகரத்தின் சதுக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கத் தயங்கமாட்டார்.

அந்தப் பழைய நகரம் பழையதல்ல. 1944 எழுச்சி 63 நாட்களில் தோற்றபின், ஜெர்மானியர்கள் வீடு வீடாக எரித்தும் வெடிவைத்தும் வார்ஸாவை அழித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெலொட்டோ தீட்டிய நகரக் காட்சிகளையும், போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்த படங்களையும் வைத்துக்கொண்டு போலந்துக்காரர்கள் திரும்பக் கட்டினார்கள். அரண்மனை முடிய 1984 ஆயிற்று. அசலைக் காப்பாற்றியதற்காக அல்ல, திரும்பக் கட்டியதற்காகவே 1980இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. செங்கல்லுக்காக வ்ரோத்ஸ்வாஃப் போன்ற, அதுவரை ஜெர்மானியருடையதாக இருந்த ஊர்களின் கட்டடங்கள் பிரிக்கப்பட்டன என்பது பிரயாணக் கையேடுகள் பெரிதாகச் சொல்லாத விஷயம். நகல் என்று இதை இளப்பமாகப் பேச நான் தயாரில்லை. அசல், நகல் பற்றி நம் பத்திரிகைகளில் நாம் எழுதித் தள்ளிய வாதங்கள் இந்தச் செங்கல்களுக்கு முன்னால் கொஞ்சம் அசடு வழிகின்றன.

ஆனால் அங்கிருந்து 20 நிமிஷ நடையில் முரானூஃப் இருக்கிறது. கெட்டோ இருந்த இடம். 1943 எழுச்சிக்குப் பிறகு அது முழுக்கத் தரைமட்டமாக்கப்பட்டது. அதை யாரும் திரும்பக் கட்டவில்லை. அதில் வாழ்ந்தவர்களும் இல்லை. அள்ளி மாளாத இடிபாட்டை என்ன செய்வது? போஹ்தான் லாஹெர்ட் என்ற கட்டடக் கலைஞர் அந்தக் குவியல்களின் மேலேயே குடியிருப்பை அமைத்தார். இடிபாட்டைப் பொடித்துச் செய்த கற்களாலேயே சுவர் எழுப்பினார்கள். அதனால் பல வீடுகள் தெருவைவிட மேடான தரையில் நிற்கின்றன. வாசலுக்குப் படியேறிப் போகவேண்டும். காய்கறிப் பையோடு தினமும் படியேறுகிறவரிடம் யாரும் எத்தனை நிமிஷம் என்று கேட்கமுடியாது. அவர் பார்க்க வந்தவரல்ல, வாழ வந்தவர். கேள்வி என்னைப் போல டிக்கெட் எடுத்துப் பார்க்கப் போகிறவனுக்குத்தான். என் அட்டவணையிலோ முரானூஃப் இல்லவே இல்லை. பார்க்க ஒன்றுமில்லாத இடத்துக்கு ஊர் சுற்றுகிறவன் தாளில் ஏது இடம்?

நம் மொழியில் இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது: வேடிக்கை பார்ப்பது. திருவிழாவையும் வேடிக்கை பார்க்கிறோம். தெருவில் ஒருவனைப் போட்டு அடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனும் வேடிக்கைதான் பார்க்கிறான். ரசிப்பதையும் கைவிடுவதையும் ஒரே சொல்லில் கட்டிவைத்த பாஷை நம்முடையது. அந்த 20 நிமிஷத்தில் நான் செய்யப்போவது இதில் எது?

முரானூஃப் மண்ணுக்கடியில்தான் இம்மானுவேல் ரிங்கல்பிளூமும் அவர் சகாக்களும் கெட்டோவின் வாழ்வைப் பதிவு செய்த காகிதங்களைப் புதைத்தார்கள். ஒரு பகுதி தகரப் பெட்டிகளில், 1946இல் தோண்டியெடுக்கப்பட்டது. இன்னொன்று இரண்டு பால் கேன்களில், 1950இல் கிடைத்தது. ரொட்டிச் சீட்டு, கவிதை, தற்காப்புக்கான திட்டம் என்று சுமார் 35,000 பக்கம். மூன்றாவது பகுதி அகப்படவேயில்லை. அந்தக் குழுவில் போரின் முடிவில் உயிரோடிருந்தவர்கள் மூன்றே பேர். குழுவின் பெயர் ஓனெக் ஷபாத், ஓய்வுநாளின் மகிழ்ச்சி. சனிக்கிழமைகளில் கூடியதால் அந்தப் பெயர். அவர்களுக்கும் வார இறுதி இருந்தது. அதை இதற்குச் செலவழித்தார்கள்.

மகனிடம் தாளைக் காட்டி என் சங்கடத்தைச் சொன்னேன். "நிமிஷம் போடாம விட்டா சரியாயிடுமாப்பா? கடைசியில கால் வலிக்குதுன்னு அதைத்தான் விட்டுடுவோம்" என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. திட்டமிடாத பிரயாணத்தில் கவர்ச்சியானது தானே நேரத்தைப் பறித்துக்கொள்ளும். பெலொட்டோவின் நகரம் முரானூஃபை வென்றுவிடும்.

1970 டிசம்பர் 7 அன்று வில்லி பிராண்ட் வந்தார், மேற்கு ஜெர்மனியின் சான்ஸலர். அன்றுதான் வார்ஸா ஒப்பந்தத்தில் கையெழுத்து. முரானூஃபில் உள்ள கெட்டோ நினைவுச்சின்னத்துக்கு மலர்வளையம் வைப்பது நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி. வைத்தார், ரிப்பனைச் சரிசெய்தார், ஈரக் கல்லில் மண்டியிட்டார். அரை நிமிஷம் இருக்கலாம். ஹிட்லருக்குத் தப்பி 1933இல் நார்வேக்குப் போனவர். மண்டியிடுவதற்கான தனிப்பட்ட குற்றம் எதுவும் அவர் கணக்கில் இல்லை. முன்கூட்டித் திட்டமிடவில்லை என்று பின்னால் எழுதினார். அவர் செய்தது மிகை என்று 48 சதவீதம், பொருத்தம் என்று 41 சதவீதம் அவர் நாட்டிலேயே அப்போது டெர் ஷ்பீகல் பத்திரிகையின் கருத்துக்கணிப்பில் சொன்னார்கள். அந்த அரை நிமிஷத்தை எந்த அதிகாரியும் அட்டவணையில் எழுதியிருக்க முடியாது. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் அவர் அங்கே நின்றிருக்கவும் மாட்டார். இதை நான் எனக்குச் சலுகையாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் அங்கே போய் மண்டியிட்டால் அது போலி நடிப்பு. அந்தக் கடன் என்னுடையதல்ல. ஒரு வெளியூர்க் கிழவனின் ஆவலோடுதான் போகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நேற்றிரவு ரப்பரை எடுத்து நிமிஷங்களையெல்லாம் அழித்தேன். கலாச்சார மாளிகையையும் பூங்காவையும் முழுசாகவே எடுத்துவிட்டேன். சனி காலைக்குப் பழைய நகரம், சாயங்காலம் வரை முரானூஃப், இருட்டுமுன் உம்ஷ்லாக்பிளாட்ஸ். ஞாயிறு, பால் கேன்.

மகன் பார்த்தான். "முரானூஃப்ல என்ன இருக்கு?"

"வீடுகள்."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "சாப்பாட்டையும் அழிச்சிட்டீங்களேப்பா, உங்களுக்கு மாத்திரை போடணும்ல" என்று பென்சிலை வாங்கி, பழைய நகரத்துக்கும் முரானூஃபுக்கும் நடுவில் சின்னதாக எழுதினான்: சாப்பாடு, ஒரு மணி.