செஞ்சோற்றுக் கடனும் சேமப்படையினரும்

உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்துக் கடன் தீர்த்தல் தமிழ்மரபு போற்றும் அறங்களுள் ஒன்று. செஞ்சோற்றுக் கடன் என்னுந் தொடர் அதனையே சுட்டும். துரியோதனன் பக்கத்தில் நியாயம் இல்லை என்பதை அறிந்திருந்தும் கர்ணன் அவனை விட்டு நீங்காது களத்தில் மாண்டமைக்குத் தமிழர் வழிவழியாகக் கூறிவரும் காரணமும் இதுவே. இவ்வறத்தின் அடிப்படை எளிமையானது. உணவளிப்பவன் அரசன், உண்பவன் வீரன், ஆகவே கடன்பட்டவன் வீரன். ஆயின், அரசனின் சோற்றை உண்ணாது, தன் உழைப்பினால் தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ளும் ஒருவனை நாடு படைக்கலம் ஏந்துமாறு அழைக்குமிடத்து, கடன்பட்டவர் யாவர்?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. பல நாடுகளின் பாதுகாப்பு முழுநேரப் படைவீரரில் மட்டுமன்றிச் சேமப்படையினரிலும் தங்கியுள்ளது. இவர்கள் ஆண்டின் பெரும்பகுதியில் ஆசிரியராகவோ, தச்சராகவோ, வங்கி எழுதுவினைஞராகவோ வாழ்பவர்கள். அழைப்பாணை கிடைத்ததும் தொழிலை இடைநிறுத்திச் சீருடை அணிபவர்கள். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டு முதல் தேசிய சேவை நடைமுறையில் உள்ளது. முழுநேரச் சேவையை முடித்த ஆண்கள் அதன் பின்னரும் ஆண்டுக்கு 40 நாட்கள் வரை அழைக்கப்படலாம். சுவிற்சர்லாந்திலே சாதாரணப் படைவீரர் ஒருவர், 18 வார அடிப்படைப் பயிற்சியின் பின்னர், 19 நாட்கள் கொண்ட மீள்பயிற்சிகள் ஆறினுக்குச் சமுகமளித்தல் வேண்டும். அந்நாட்களில் அவருடைய பட்டறை வேலை நின்றுவிடுகின்றது. வீட்டு வாடகையோ நிற்பதில்லை. இவ்விழப்பை ஏற்கவேண்டியவர் சென்றவரா, அவருக்கு வேலை கொடுத்தவரா, அன்றி அவர் எவரைக் காக்கச் சென்றாரோ அந்தச் சமுதாயமா என்பதே ஈண்டு ஆராயப்படும் அறவினாவாகும்.

இவ்வினாவின் தொன்மையை உரோம வரலாற்றிற் காணலாம். குடியானவனே போர்வீரனாகவும் இருந்த சமுதாயம் பண்டைய உரோமம். அச்சமுதாயம் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கதை சின்சின்னாற்றஸின் கதை. மரபுவழிக் கணக்கின்படி கி.மு. 458இல், தம் சிறிய நிலத்திலே உழைத்துக்கொண்டிருந்த அவரைத் தேடிச் செனற்சபையின் தூதர் வந்தனர். அவர் சர்வாதிகாரியாகப் பொறுப்பேற்றுப் பகைவரை வென்று, ஆறு மாதத்துக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தைப் பதினாறாம் நாளிலேயே துறந்து வயலுக்கு மீண்டார். கடமையுணர்வுக்கும் பதவியாசையின்மைக்கும் இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. எனினும் அதே மனிதரைப் பற்றி வரலாற்றாசிரியர் தயோனிசியஸ் கூறும் பிறிதொரு செய்தி அத்துணை பரவலாக அறியப்படவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன்னர் கொன்சல் பதவியேற்க அழைக்கப்பட்டபோது, இவ்வாண்டு வயல் விதைக்கப்படாமற் கிடக்குமே, உணவுக்கு என் செய்வது என அவர் வருந்தினாராம். தேசபக்தியின் உருவமாகப் போற்றப்படுபவரின் வாயிலிருந்தே அவ்வருத்தம் வெளிப்பட்டமை கருதத்தக்கது. வயலை எண்ணி வருந்துவது கடமையுணர்வின் குறைபாடு அன்று என்பது இதனாற் பெறப்படும்.

பதினாறு நாட்களில் மீண்டவருக்கு வயல் இருந்தது. மீளமுடியாதவரின் கதையை லிவியஸ் கூறுகின்றார். கி.மு. 495இல் முதியவர் ஒருவர் அழுக்கேறிய உடையும் வெளிறிய மேனியுமாக உரோம நகரின் பொதுச்சதுக்கத்துக்கு ஓடிவந்தார். அவர் முன்னர் படைத்தலைவருள் ஒருவராக இருந்ததைச் சிலர் அடையாளங் கண்டனர். அவருடைய மார்பிலே போர்த்தழும்புகள் இருந்தன. சபீனருக்கு எதிரான போரில் அவர் பணியாற்றிய காலத்தில் விளைச்சல் அழிந்தது, வீடு எரிந்தது, கால்நடைகள் கவரப்பட்டன. அந்த வேளையிலேயே வரியும் விதிக்கப்பட்டது. வரி செலுத்தக் கடன்பட்டார். வட்டி பெருகி முதலில் மூதாதையர் நிலத்தையும், பின் ஏனைய உடைமைகளையும், ஈற்றில் அவருடைய உடலையும் பற்றிக்கொண்டது. கடன் கொடுத்தவன் அவரைச் சிறைப்படுத்தி வதைத்தான். மார்பிலே பகைவர் இட்ட தழும்பையும் முதுகிலே தன் நாட்டவன் இட்ட சவுக்கடியையும் அவர் மக்களுக்குக் காட்டினார்.

கலவரம் மூண்டது. பகைவரும் அண்மித்தனர். படையிற் சேர மக்கள் மறுத்தனர். அப்போது கொன்சலாக இருந்த சேர்விலியஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். போர்வீரன் பாசறையில் இருக்குங்கால் அவனுடைய உடைமைகளை எவரும் கைப்பற்றவோ விற்கவோ கூடாது. அவனுடைய பிள்ளைகளுக்கும் தீங்கு செய்யக்கூடாது என்பது அவ்வாணை. மக்கள் சென்று வென்று மீண்டனர். மீண்டதும் அவ்வாக்குறுதி பேணப்படவில்லை. கடன் வழக்குகள் பழையபடியே கடன் கொடுத்தோர் பக்கம் தீர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டிலே பொதுமக்கள் நகரைவிட்டு நீங்கிப் புனிதமலையில் தங்கியமையும், அதன் பயனாக அவர்களுக்கெனத் திரிபியூன்கள் நியமிக்கப்பட்டமையும் யாவரும் அறிந்த வரலாறு. ஆபத்து வேளையில் வாழ்த்தி வழியனுப்பி, ஆபத்து நீங்கியபின் மறந்துவிடும் சமுதாயம் அடுத்த அழைப்பின்போது தன் குரலுக்குச் செவிசாய்ப்பாரைக் காணாது என்பதே இதன் பாடம்.

கி.மு. 406இல் செனற்சபை போர்வீரருக்குப் பொதுத் திறைசேரியிலிருந்து ஊதியம் வழங்கத் தீர்மானித்தது. அதற்கு முன்னர் ஒவ்வொருவரும் தத்தம் செலவிலேயே போர்புரிந்தனர். ஒருவர் கையிலிருந்து எடுத்தே மற்றவருக்குக் கொடுக்கின்றனர் எனத் திரிபியூன்கள் குறைகூறினர். அக்குறையை வாய்ப்பேச்சினாற் போக்க முயலாது செனற்சபையினர் தம் பங்கு வரியைத் தாமே முதலிற் செலுத்தினர். வெள்ளி நாணயம் இல்லாத காலமாதலால் அவர்களுட் சிலர் வெண்கலக் கட்டிகளை வண்டிகளில் ஏற்றித் திறைசேரிக்குக் கொண்டுசென்றனர் என லிவியஸ் எழுதுகின்றார். களத்துக்குச் செல்லாதோரின் கடன் கண்ணாற் காணக்கூடிய எடையைப் பெற்ற நாள் அது.

ஈண்டு ஓர் ஆட்சேபம் எழலாம். கடமைக்கு ஊதியம் பெற்றால் அது கடமையாகுமா, கூலியாகுமா என்பது அது. தாய்க்குப் பணிவிடை செய்பவன் கூலி கேட்பதில்லை. தாய்நாட்டுக்குப் பணிபுரிபவன் மட்டும் கேட்கலாமா எனச் சிலர் வினவுவர். இவ்வாதம் உயர்ந்த உணர்ச்சியினின்று பிறந்ததாயினும் இரண்டு வேறுபட்ட பொருள்களை ஒன்றாக மயங்குகின்றது. சேவைக்கு விலை கொடுத்தல் வேறு. சேவையினால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்தல் வேறு. குளிரில் காவல் நின்ற இரவுக்கு விலை கூற முடியாது. அவ்விரவு காரணமாக இழக்கப்பட்ட நாட்சம்பளத்தைக் கூற முடியும். அன்றியும், ஊதியமில்லாச் சேவை சட்டத்தின் முன்னிலையில் மட்டுமே சமமானது. வட்டி வருமானம் உடையவனுக்கு மூன்று வாரம் மூன்று வாரமே; நாட்கூலிக்காரனுக்கு அது ஒரு மாதத்து அடுப்பு. ஒரே அழைப்பு ஒருவனிடம் நேரத்தை மட்டும் கேட்டு, மற்றொருவனிடம் குடும்பத்தின் உணவையும் கேட்குமாயின், அதனைச் சமகடமை என்பது பொருந்தாது.

இவ்வுண்மையைச் சுவிற்சர்லாந்து பெருவிலை கொடுத்தே கற்றது. முதலாம் உலகப்போரில் அந்நாடு நடுநிலை வகித்தபோதிலும் எல்லைகளைக் காக்கத் தன் குடிமக்களை அழைத்தது. 1914 முதல் 1918 வரை படைவீரர் ஒவ்வொருவரும் சராசரியாக ஏறத்தாழ 500 நாட்கள் சேவையில் இருந்தனர். இழந்த சம்பளத்துக்குப் பொதுவான ஈட்டுமுறை எதுவும் இருக்கவில்லை. விலைவாசி ஏறிக்கொண்டிருக்க, தொழிலாளர் குடும்பங்கள் பல வறுமைக்குள் தள்ளப்பட்டன. போர்க்காலத்தில் இலாபமீட்டிய தொழில்களும் அதே நாட்டில் இருந்தன. 1918 நவம்பரில் மூண்ட பொது வேலைநிறுத்தத்திற் சுமார் 250,000 பேர் கலந்துகொண்டனர். அதனை அடக்கவும் குடிமக்கட் படையே அழைக்கப்பட்டது. தொழிலாளரை எதிர்க்கத் தொழிலாளரை நிறுத்துவதன் ஆபத்தை உணர்ந்தே போலும், கிராமப்புறப் படைப்பிரிவுகளே பெரிதும் பயன்படுத்தப்பட்டன. மூன்று தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். உழைப்பவனே காவலனாகவும் இருக்கும் நாட்டில், உழைப்பவனின் வாழ்வு சிதைந்தால் காவலும் சிதையும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது இத்தவறு மீளச் செய்யப்படவில்லை. 1939 டிசம்பரிற் சமஷ்டி அரசாங்கம் வெளியிட்ட ஆணை 1940 பெப்ரவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. தொழில்புரியும் ஒவ்வொருவரும் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 2 வீதத்தைச் செலுத்த, தொழில்தருநரும் அதேயளவு செலுத்த, பொதுப்பணமும் அதனுடன் சேர்ந்தது. அந்நிதியிலிருந்து, எல்லையில் நிற்பவரின் குடும்பத்துக்கு இழந்த சம்பளத்தின் ஒரு பகுதி வழங்கப்பட்டது. சென்றவரின் சுமையை அவர் முதலாளியின் தலையில் மட்டும் ஏற்றாது, சென்றோர், செல்லாதோர் அனைவர்மீதும் பகிர்ந்தமையே இத்திட்டத்தின் அறச்சிறப்பாகும். மூன்று ஊழியரை மட்டும் கொண்ட பட்டறையில் ஒருவர் அழைக்கப்படுதல் தற்செயல். தற்செயலின் முழுப்பாரத்தையும் ஒரு சிறு முதலாளியிடம் சுமத்துதலும் நீதியன்று.

போர் முடிந்தபின் அந்நிதிமுறை கைவிடப்படவில்லை. 1918இன் வேலைநிறுத்தக்காரர் முன்வைத்த கோரிக்கைகளுள் முதியோர் காப்புறுதியும் ஒன்று. அது 1947 யூலையிற் சர்வசன வாக்கெடுப்பில் பேராதரவுடன் ஏற்கப்பட்டு, படைவீரருக்காக அமைந்த அதே சம்பளப் பங்களிப்பு முறையை அடித்தளமாகக் கொண்டு 1948இல் நடைமுறைக்கு வந்தது. அழைக்கப்பட்டவருக்குக் கடன் செலுத்தக் கற்ற சமுதாயம், உழைத்து ஓய்ந்தவருக்கும் கடன் செலுத்தக் கற்றுக்கொண்டது.

ஆயினும் அனைவரும் என்னுஞ் சொல் எளிதில் முழுமை பெறுவதில்லை. 1940 முதல் வேலைசெய்யும் பெண்களும் இந்நிதிக்குப் பங்களித்தனர். ஆண்கள் எல்லைக்குச் சென்றபோது வயலையும் கடையையும் நடத்தியவர்களும் அவர்களே. ஆனால், சமஷ்டி மட்டத்தில் அவர்களுக்கு வாக்குரிமை 1971இலேயே கிடைத்தது; பிள்ளைப்பேற்றுக்காலச் சம்பள ஈடு அந்நிதியிலிருந்து அவர்களுக்கு வழங்கப்பட்டது 2005 யூலை முதலேயாம். சேவை என்பது துப்பாக்கி ஏந்தல் மட்டும் எனக் கொண்டோர், அதனை இயலச்செய்த ஏனையோரின் சேவையைக் காண அறுபத்தைந்து ஆண்டுகள் சென்றன.

சட்டம் செய்யக்கூடியவை பல. சுவிற்சர்லாந்துச் சட்டப்படி, ஊழியர் சேவையில் இருக்குங்கால் அவரைப் பணிநீக்கஞ் செய்ய இயலாது. அச்சேவை 11 நாட்களுக்கு மேற்படின், அதற்கு முன்னும் பின்னும் நான்கு வாரங்களுக்கும் அப்பாதுகாப்பு நீடிக்கும். ஆயின் சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத இடங்களும் உள. நேர்முகப் பரீட்சையில் இருவர் சமதகுதியுடன் அமர்ந்திருக்க, இவர் ஆண்டுதோறும் மூன்று வாரம் இல்லாதிருப்பாரே என ஒரு மேலாளர் மனத்துட் கணக்கிட்டால், அக்கணக்கை எந்த நீதிமன்றமும் வாசிக்க இயலாது. பதவியுயர்வுப் பட்டியல் அவர் இல்லாத வாரத்திலே தயாராகலாம். அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்யும் சக ஊழியருக்கு எந்த நிதியும் ஈடு கொடுப்பதில்லை; அவருடைய முணுமுணுப்பிலும் நியாயம் உண்டு. இவ்விடங்களிற் சட்டத்தின் எல்லை முடிந்து தனிமனித அறம் தொடங்குகின்றது. மேசையைத் தாங்கும் சக ஊழியரும், இடத்தைக் காத்துவைக்கும் மேலாளரும் தாமும் அப்பாதுகாப்பின் ஒரு பகுதியே என உணர்தல் வேண்டும். அவர்கள் அவ்வாறு தாங்கியதை மீண்டு வருபவரும் உணர்தல் வேண்டும்.

இழப்பைப் பகிர்தலில் இன்னுமொரு நன்மையும் உண்டு. இழப்புச் சிலரை மட்டுமே சாருமிடத்து, ஏனையோர் போரை வாழ்த்துவது எளிது, கைதட்டுவதற்குச் செலவில்லை. ஒவ்வொருவர் சம்பளத்திலும் ஒரு துளி குறையுமாயின், ஒவ்வொரு தொழிலகத்திலும் ஓர் இருக்கை வெறுமையாகுமாயின், இவ்வழைப்பு உண்மையிலே அவசியமானதா என்ற வினாவும் ஒவ்வொரு வீட்டிலும் எழும். அவ்வினா பலவீனமன்று, அழைக்கும் உரிமை பெற்ற ஆட்சியாளருக்கு இடப்படும் கடிவாளமாகும். ஈடு கொடுத்தால் அழைத்தல் எளிதாகிவிடும் என அஞ்சுவோர், ஈடு எவருடைய பணத்திலிருந்து வருகின்றது என்பதை நோக்குவாராயின் அவ்வச்சம் நீங்கும்.

புறநானூற்றிலே பொன்முடியார் பாடிய பாட்டொன்று கடனை ஒருவனிடம் மட்டும் விடாது, தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் பகிர்ந்துவிட்டே இளைஞனிடம் வருகின்றது. களத்திற்குச் செல்பவன் அவ்வரிசையில் இறுதியானவன். அவனுக்கு முன்னே பலர் தத்தம் கடனைச் செய்துமுடித்திருத்தல் வேண்டும் என்பது அவ்வரிசையின் உட்கிடை. அரசனின் சோற்றை உண்டவனுக்குச் செஞ்சோற்றுக் கடன் உண்டென்றால், தன் சோற்றை விட்டுச் சென்றவனின் காவலில் உண்டு உறங்குவோருக்கும் அக்கடன் உண்டு. அதனைத் தீர்ப்பதற்கு உயிர் வேண்டியதில்லை. அவன் மீண்டுவரும் நாளில் அவனுடைய வேலை அவனுக்காகக் காத்திருந்தாற் போதும்; அவன் இல்லாத நாட்களில் அவன் வீட்டு அடுப்பு எரிந்திருந்தாற் போதும்.