மலையிலிருந்து இறங்கும் குடும்பம்



சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தகப்பனார் தம் இரண்டு பிள்ளைகளோடு கோயில் வாசலில் என்னிடம் வந்தார். “சாமி, கோடை விடுமுறைக்கு ஏலகிரி போகிறோம். சைக்கிள்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், நாலு பேருமாக மலைச்சரிவில் இறங்கிப் பார்க்கலாமென்று பிள்ளைகள் துடிக்கிறார்கள். போகலாமா?” என்று கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே, “தாராளமாய்ப் போய் வாருங்கள்” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் போனபிறகு, அந்தப் பதில் போதாது என்று மனம் உறுத்திற்று. ஆகையால் அன்று பாதியில் விட்ட பதிலை இன்று முழுமையாய்ச் சொல்கிறேன். அது அவருக்கு மட்டுமல்ல, பிள்ளைகளைப் பெற்ற உங்கள் எல்லாருக்கும் உரியது.

முதலாவது, இதில் பாவம் ஒன்றுமில்லை. மலையைப் படைத்தவர் சர்வேசுரன். பிள்ளைகளின் சிரிப்பும் அவர் தந்த வரமே. தாயும் தகப்பனும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாள் முழுதும் பிள்ளைகளோடு செலவழிப்பது நற்கிரியை என்றே சொல்வேன். ஆனால் மலையில் சைக்கிள் ஓட்டுவதில் கடினம் எது, அபாயம் எது என்று பகுத்தறிய வேண்டும். ஏறுவது கடினம், இறங்குவது அபாயம். ஏறும்போது மூச்சு வாங்கும், கால் வலிக்கும். அந்தக் களைப்பே நம்மை நிறுத்திவிடும். இறங்கும்போதோ ஒரு பிரயாசையும் இல்லை. நம்முடைய பாரமே நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பாவத்தின் வழியும் இப்படிப்பட்டதுதான் அல்லவா?

இந்த விளையாட்டு பிறந்த கதையைக் கேளுங்கள். அமெரிக்க தேசத்தில் கலிபோர்னியா நாட்டில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே உள்ள மலைகளில், 1970-களில் சில வாலிபர்கள் பழைய கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண்பாதையில் இறங்கப் பழகினார்கள். 1976-ல் பந்தயமும் வைத்தார்கள். அந்தச் சைக்கிள்களுக்குப் பின் சக்கரத்தின் நடுக்குடத்தில்தான் பிரேக்கு. அடிவாரம் வந்து சேர்வதற்குள் அது பழுக்கச் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி ஓட்டலாம். அப்படித் திரும்ப அடைப்பதைக் குறிக்கும் ‘ரீபேக்’ என்னும் சொல்லே அந்த மலைப்பாதைக்குப் பெயராயிற்று. ஆரம்ப நாளிலிருந்தே இந்த விளையாட்டில் பெரிய பாடம் வேகமல்ல, பிரேக்கு.

இனி சுவிசேஷத்துக்கு வாருங்கள். நம் ஆண்டவராகிய சேசுநாதர் இராயப்பரையும் யாகப்பரையும் அருளப்பரையும் ஓர் உயர்ந்த மலைக்கு அழைத்துக்கொண்டு போய், அவர்கள் கண்முன் மறுரூபமானார். இராயப்பருக்கு அங்கிருந்து இறங்கவே மனமில்லை. மூன்று கூடாரம் போட்டு அங்கேயே தங்கிவிட ஆசைப்பட்டார். ஆண்டவரோ அவர்களைக் கீழே கூட்டிவந்தார். அடிவாரத்தில் காத்திருந்தது யார்? நோயால் அடிக்கடி நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிற ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்காக முழங்காலில் விழுந்து மன்றாடுகிற தகப்பன். மத்தேயு, மாற்கு, லூக்காஸ் ஆகிய மூன்று சுவிசேஷகரும் மலையில் கண்ட மகிமையை அடுத்து இந்தப் பிள்ளையின் ஆபத்தையே எழுதிவைத்திருக்கிறார்கள். மலையேறியவர் இறங்கி வரவேண்டும். இறங்கி வருகிறவர் கண் பிள்ளையின்மேல் இருக்கவேண்டும்.

இத்தாலி தேசத்தில் கோமோ ஏரிக்கு மேலே ஒரு மலைமுகட்டில் கிசால்லோ மாதா கோயில் என்ற சிறு கோயில் இருக்கிறது. 1949-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பானவர் அந்த மாதாவைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பாதுகாவலியாக ஏற்படுத்தினார். உள்ளே பேர்பெற்ற வீரர்கள் காணிக்கையாய்த் தந்த சைக்கிள்களைக் காணலாம். அவற்றுள் ஒன்று மட்டும் நசுங்கிக் கிடக்கிறது. அது பாபியோ காசார்த்தெல்லி என்பவருடையது. 1992-ல் பார்சலோனா ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப்பதக்கம் வென்றவர் அவர். 1995 ஜூலை 18-ந் தேதி, பிரான்சு தேசத்துப் பெரிய பந்தயத்தில், ஒரு மலை இறக்கத்தில் விழுந்தார். பாதையோரத்துக் கான்கிரீட் கல்லில் தலை மோதிற்று. தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. வயது இருபத்துநாலு, வீட்டில் இளம் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். ஏறத் தெரிந்தவர், வெல்லத் தெரிந்தவர், உலகமே அறிந்த வீரர். அவருக்கே ஓர் இறக்கம் எமனாயிற்று. நாமும் நம் பிள்ளைகளும் எம்மாத்திரம்?

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வரவில்லை. நம் உத்திரமேரூர்க்காரருக்குப் பிரேக்கின் அருமை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரியும். 919-லும் 921-லும் பராந்தக சோழன் காலத்தில் இங்கே கோயிற்சுவரில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதில் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் சொல்லப்பட்டிருக்கிறது. ஏரியைக் காக்க அத்தனை ஏற்பாடு ஏன்? தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். மதகும் கலிங்கும் ஒழுங்காயிருந்தால் அதே தண்ணீர் நெல்லாய் விளையும். இல்லாவிட்டால் கரையை உடைத்து ஊரை அழிக்கும். பிள்ளைகளின் உற்சாகமும் அந்தத் தண்ணீரைப் போன்றது. அதை வற்றவிடவும் கூடாது, உடைப்பெடுக்கவும் விடக்கூடாது. வீட்டுக்கு ஏரி வாரியம் தாய் தகப்பனே.

ஆகையால் அந்தத் தகப்பனாருக்கு நான் சொல்லும் யோசனை இது. ஏலகிரிப் பாதையில் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள் உண்டு; பஸ்ஸும் லாரியும் காரும் ஓயாமல் போகும். அது சிறுபிள்ளைகள் சைக்கிள் பழகும் இடமல்ல. முதலில் இங்கேயே, ஏரிக்கரையிலிருந்து வயற்பக்கம் இறங்கும் காய்ந்த வண்டிப்பாதையில் பழகுங்கள். எல்லாரும் தலைக்கவசம் அணியுங்கள். பிள்ளையின் சிறு விரல் பிரேக்குப் பிடிக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். சீட்டைத் தாழ்த்தி, உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். சரிவில் உடம்பின் பாரம் முன் சக்கரத்தின்மேல் சாயும். முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்கினால் பிள்ளை தலைகுப்புற விழும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெள்ள, வளைவு வருமுன்னே பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். விழுந்தபின் வருந்துவதைவிடச் சோதனை வருமுன்னே விலகுவது மேல் என்று ஞானோபதேசத்தில் படித்தீர்களே, அது இதுதான்.

மலைக்குப் போனபின், வண்டிகள் வராத சிறு சரிவாய்த் தேடுங்கள். பெற்றோரில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் போகட்டும். எல்லாரிலும் மெதுவாய் வருகிற பிள்ளையின் வேகமே குடும்பத்தின் வேகமாயிருக்கட்டும். பயப்படுகிற பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று பரிகாசம் செய்யாதீர்கள். அந்தப் பயத்தைக்கொண்டே காவற்சம்மனசானவர் அதைக் காக்கலாம். இறங்கி உருட்டிக்கொண்டு வருகிறேன் என்று பிள்ளை சொன்னால், நீங்களும் இறங்கிக் கூடவே நடங்கள். மலைப்பாதைக்குரிய சட்டம் ஒன்றையும் சொல்லிக்கொடுங்கள்: இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். சுலபமாய்ப் போகிறவன் கஷ்டப்பட்டு ஏறுகிறவனுக்கு ஒதுங்கி நிற்பது எவ்வளவு கிறீஸ்தவத் தன்மையான சட்டம்!

இன்னொன்று. ஏலகிரியிலும் ஞாயிற்றுக்கிழமை உண்டு. அங்கே சலேசிய சபையார் நடத்தும் தொன் போஸ்கோ கல்லூரி இருக்கிறது. பூசை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வாலிபரை விளையாட்டின் வழியாகவே ஆண்டவரிடம் சேர்த்த அர்ச். தொன் போஸ்கோ உங்கள் பிள்ளைகளுக்காக மன்றாடுவார்.

கடைசியாக, பெற்றோரே, உங்கள் மனதைத் தொட்டுக் கேளுங்கள். தலைக்கவசமில்லாமல் நாலு பேரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு விரைகிற தகப்பன், பிள்ளைக்கு எந்த பிரேக்கைக் கற்றுக்கொடுப்பான்? குடியிலும் கடனிலும் கோபத்திலும் தன்னை நிறுத்தத் தெரியாதவன், சரிவில் “மெள்ளப் போ” என்று கூவினால் யார் கேட்பார்கள்? பிள்ளைகள் நம் வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறார்கள். நம் கை பிடிக்கவேண்டிய இடத்தில் பிடிக்கிறதா என்று பார்த்துத்தான் அவர்களும் பிடிப்பார்கள்.

ஆகையால் சந்தோஷமாய்ப் போய் வாருங்கள். நாலு பேராய் ஏறுங்கள். நாலு பேராய் இறங்குங்கள். அடுத்த ஞாயிறு நாலு பேராய்க் கோயிலுக்கு வாருங்கள். மலையிலிருந்து இறங்கிவந்து ஒரு தகப்பன் கையில் அவன் பிள்ளையைச் சுகமாய் ஒப்படைத்த ஆண்டவர், உங்கள் பிள்ளைகளையும் உங்கள் கையில் சுகமாய்ச் சேர்ப்பாராக. ஆமென்.