விருப்ப நூலும் வாசிப்பின் அறமும்: பெ. சுந்தரம் பிள்ளையை முன்வைத்து

முன்னுரை

‘பிடித்த நூல் எது?’ என்னும் வினா எளியது, விடையே அரியது. சில நூல்களை மட்டும் கற்றவர் இவ்வினாவுக்குத் தயக்கமின்றி விடை கூறிவிடுவர். பழகிய எல்லையைக் கடந்து, ஓராண்டுக் காலம் முயன்று பல துறை நூல்களையும் பிறமொழி நூல்களையும் கற்றவரே தயங்குவர். வாசிப்பு விரிந்தால் தேர்வு எளிதாகும் என்பது பொது எண்ணம். நடைமுறையில் நிகழ்வது அதற்கு மாறானது. கற்ற ஒவ்வொரு நூலும் தனக்கெனத் தனி அளவுகோலைக் கொண்டுவருகிறது. அவற்றுள் எந்த அளவுகோலால் எந்த நூலை அளப்பது என்பது புதிய சிக்கலாகிறது.

இச்சிக்கலை ஆராய்வதற்குத் திருவனந்தபுரம் ஏற்றதொரு களம். 1829இல் தொடங்கப்பெற்ற பொது நூலகம் இந்நகரில் உள்ளது. 1945இல் தோன்றிய திருவிதாங்கூர் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கரின் நினைவு நாளான சூன் 19, கேரளம் முழுவதும் வாசிப்பு நாளாகப் போற்றப்படுகிறது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மும்மொழி நூல்களும் ஒரே மேசையில் இடம்பெறுவது இந்நகரத் தமிழறிஞர்க்கு இயல்பான வாழ்வு. இங்குத் ‘தமிழில் இதுவே சிறந்தது’ என ஒருவர் கூறும்போது, அதனைக் கேட்போருள் பிறமொழியாளரும் இருப்பர். எனவே விருப்பத்தைக் கூறும் முறை இங்கு அறச் சிக்கலாகவும் ஆகிறது.

ஒரு நூலை விருப்ப நூலாகத் தேர்பவர் உண்மையில் எதைக் கூறுகிறார்? தேரப்படாத நூல்களுக்கு அவர் ஆற்ற வேண்டிய கடன் உண்டா? இவ்விரு வினாக்களையும் மனோன்மணீய ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் (1855 – 1897) தேர்வுகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெரிதலும் தெளிதலும்

தேர்வு பற்றித் தமிழ் மரபு ஆழ எண்ணியுள்ளது. திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் அரசன் வினைக்குரியாரைத் தேரும் முறையைக் கூறுவது. அதன் இயல்புகள் நூல் தேர்வுக்கும் பெரிதும் பொருந்துவன. குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து மிகுதியானதைக் கொண்டு முடிவு செய்க என்பது வள்ளுவர் காட்டும் நெறி. அரிய நூல்களைக் கற்றுக் குற்றமற்றவராய் விளங்குவோரிடத்தும் ஆராய்ந்தால் அறியாமை சிறிதும் இல்லாதிருத்தல் அரிது என்றும் அவர் கூறுகிறார். ஆராயாமல் தெளிதலும், தெளிந்தபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டுமே நீங்காத துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் நிறைவு.

இவ்விறுதிக் கருத்து வாசிப்புக்கு இருமுனைக் கத்தியாக அமைகிறது. பரந்து கற்கும் முன்னரே ஒரு நூலைச் சிறந்ததெனக் கொள்பவர் ஆராயாமல் தெளிந்தவர். பரந்து கற்ற பின்னர், இன்னும் படிக்காத நூல்கள் உள்ளனவே என்று எதையும் தேராமல் நிற்பவர் ஐயத்திலேயே தங்கிவிட்டவர். முன்னவரிடம் பற்று உண்டு, தேர்வு இல்லை. பின்னவரிடம் அறிவு உண்டு, துணிவு இல்லை. நன்னூலும் நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களுள், இருவர் மாறுபடக் கொண்ட கருத்துகளுள் ஒன்றைத் துணிதலையும் ஒன்றாக வைத்துள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. துணியாமை நடுநிலைமை ஆகிவிடாது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்பு காரணமாக அறிவற்றாரை வினைக்குத் தேர்தல் பேதைமை என வள்ளுவர் கடிகிறார். அரசனது தேர்வில் அன்பு குற்றமாகலாம். விருப்ப நூல் தேர்விலோ அன்பே பொருள். அவ்வாறாயின் அன்பினால் தேர்ந்த ஒன்றுக்குக் காரணம் கூறுமாறு கேட்கலாமா? இங்குத்தான் சுந்தரம் பிள்ளையின் சான்று பயன்படுகிறது.

சுந்தரம் பிள்ளையின் வாசிப்புப் பரப்பு

ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர் சுந்தரம் பிள்ளை. மேலைத் தத்துவம், சைவ சித்தாந்தம், கல்வெட்டு, வரலாறு, தமிழிலக்கியம் ஆகிய துறைகளில் அவர் ஒருங்கே உழைத்தார். திருஞானசம்பந்தரின் காலத்தைச் சான்றுகள் கொண்டு ஆராய்ந்தார். திருவிதாங்கூரின் பண்டை மன்னர் பற்றிக் கல்வெட்டுவழி எழுதினார். அறிவுத் துறைகளை வகைப்படுத்தும் ‘நூற்றொகை விளக்கம்’ என்னும் நூலையும் இயற்றினார். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் கதைக்கரு, லிட்டன் பிரபுவின் 1866ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்ற ‘இரகசிய வழி’ என்னும் ஆங்கிலக் கதைப்பாடலிலிருந்து எடுக்கப்பெற்றது.

பரந்து கற்றபின் தேர்ந்தவர் என இவரைத் தயக்கமின்றிக் கூறலாம். அறிவுத் துறைகள் அனைத்தையும் வகைப்படுத்த முயன்ற ஒருவர், அவற்றினிடையே சில நூல்களை மட்டும் தம் நெஞ்சுக்கு உரியனவாக எடுத்து மொழிந்துள்ளார். அம்மொழிவு மனோன்மணீயத்தின் தொடக்கத்தில் அமைந்த தமிழ்த் தெய்வ வணக்கத்தில் உள்ளது.

காரணமும் எள்ளலும்

அவ்வணக்கப் பகுதியில் திருக்குறள், பத்துப்பாட்டு, திருவாசகம் ஆகியன வினா வடிவில் போற்றப்பெறுகின்றன. இந்நூலை உணர்ந்தவர் அதனை நினைப்பரோ என்பது அவ்வினாக்களின் பொது அமைப்பு. ஒன்றை உணர்ந்தவர் என்னும் நிபந்தனையை முன்வைத்தே ஒப்பீடு செய்யப்படுகிறது. தீர்ப்பு ஆசிரியர் வாயிலிருந்து நேரே வராமல், கற்பவரின் அனுபவத்திடம் விடப்படுகிறது.

எனினும் இவ்வொப்பீடுகள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. திருக்குறளைக் குறைவற உணர்ந்தோர், குலத்துக்கொரு நீதி கூறும் மனு முதலிய நூல்களை எண்ணுவரோ என்னும் வினாவில் ஒரு காரணம் அடங்கியுள்ளது. நீதி அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பதே அக்காரணம். அதனை ஏற்கலாம், மறுக்கலாம். இரு நூல்களையும் விரித்துவைத்துச் சோதிக்கலாம். தமிழ் அறியாதவரும் இவ்வழக்கில் பங்கேற்க இயலும்.

திருவாசகம் பற்றிய ஒப்பீடு வேறு வகையினது. அந்நூலில் மனம் கரைந்தவரின் நிலை ஒருபுறமும், வேதப் பகுதிகளை உருவேற்றி ஓதுவாரின் நிலை மறுபுறமும் வைக்கப்படுகின்றன. மனம் கரைதல் அனுபவம். அது பெற்றவர்க்கே தெரியும். அதனை மறுப்பதற்கு எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் ஓதுவாரது ஓதலைக் கண்மூடிய கதறலாகச் சித்திரிக்கும்போது, பிறர் அனுபவத்தின்மேல் தீர்ப்பு வழங்கப்படுகிறது. ஓதுபவர் உள்ளத்தில் கரைதல் நிகழ்கிறதா இல்லையா என்பதைப் புறத்தே நின்று அறிதற்கு வழியில்லை. இங்குக் காரணத்தின் இடத்தை எள்ளல் பற்றிக்கொண்டது எனலாம்.

ஆகவே விருப்பத் தேர்வு இரு வகைப்படும். காரணத்தால் தேர்தல் ஒன்று. அனுபவத்தால் தேர்தல் மற்றொன்று. முன்னதற்குரிய மொழி வழக்காடும் மொழி; அது ஒப்பீட்டைத் தாங்கும். பின்னதற்குரிய மொழி ஒப்புதல் வாக்குமூலம். ‘இந்நூல் என்னை இவ்வாறு ஆக்கியது’ என்பதோடு அது நிறைவு பெறுதல் வேண்டும். அனுபவத்தை வழக்காக்கி எதிர்த்தரப்பைக் கூண்டில் நிறுத்தும்போதே அறப்பிழை தொடங்குகிறது. பற்று மிகுதியாதல் பிழையன்று. பற்றுக்குச் சான்றாகப் பிறிதொன்றின் இழிவைத் தேடுதலே பிழை.

தனி விருப்பம் பொதுக் குரலாதல்

1970இல் தமிழக அரசு இவ்வணக்கத்தின் ஒரு பகுதியைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021 திசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பாடப்படும் வடிவில், கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியன தமிழின் வயிற்றில் பிறந்தவை என்னும் பகுதியும், ஆரிய மொழி உலக வழக்கிழந்தமை கூறும் பகுதியும் இடம்பெறவில்லை.

இவ்விடுபாட்டை நூலுக்கு இழைத்த குறையாகக் காண்பாரும் உளர். பண்பட்ட செயலாகக் காண்பாரும் உளர். விருப்பத் தேர்வின் நோக்கில் ஓர் உண்மை புலனாகிறது. ஒருவர் தம் நூலின் தொடக்கத்தில் தம் பெயரால் கூறும் விருப்பம் அவர் பொறுப்பில் நிற்பது. அதுவே பல்லாயிரவர் எழுந்து நின்று பாடும் குரலாகும்போது, பாடுவோர் அனைவரும் அவ்வொப்பீட்டுக்கும் பொறுப்பாகின்றனர். அவருள் மலையாளத்தையும் தெலுங்கையும் கன்னடத்தையும் தாய்மொழியாகக் கொண்டோரும் உண்டு. எனவே பொதுக் குரலுக்குப் புகழ்ச்சி போதும், ஒப்பீடு வேண்டா என்னும் முடிவுக்கு நியாயம் உண்டு. ஆனால் ஆய்வாளர்க்கு அவ்வுரிமை இல்லை. அவர் நூலை முழுமையாகக் கற்று, விடுபட்ட பகுதியையும் அதன் காலச் சூழலில் வைத்து விளக்கக் கடமைப்பட்டவர்.

இவ்வேறுபாடு கல்விப்புலத்தாரை நேரே தொடுவது. ஆசிரியர் ஒருவரின் விருப்ப நூல் பாடத்திட்டத்தில் இடம்பெறும்போது அது தனி விருப்பமாக இருப்பதில்லை. பாடத்திட்டத்தின் இடம் அளவானது. ஒரு நூல் உள்ளே வந்தால் மற்றொன்று வெளியேறும். வெளியேறிய நூலை அம்மாணவர் வாழ்நாளில் காணாமலே போகலாம். ஆகவே ஆசிரியரின் விருப்பம் பிறர் வாசிப்பின் எல்லையை வரைகிறது.

கிடைத்த நூல்களின் எல்லை

சுந்தரம் பிள்ளையின் தேர்வில் கவனிக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. திருக்குறள் 1812இலேயே அச்சேறியது. பத்துப்பாட்டு முழுமையும் நச்சினார்க்கினியர் உரையுடன் உ.வே. சாமிநாதையரால் வெளியிடப்பெற்றது 1889இல்; அதாவது மனோன்மணீயத்துக்கு ஈராண்டு முன்னர். சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு 1892இலும், புறநானூற்றுப் பதிப்பு 1894இலும் வெளிவந்தன. மணிமேகலைப் பதிப்பு வந்தது 1898இல். அப்போது சுந்தரம் பிள்ளை உயிரோடு இல்லை. குறுந்தொகை அச்சேறியது 1915இல்.

1891இல் தமிழின் சிறந்த நூல்களை எண்ணியவர்முன் இன்றைய நூலடுக்கு இல்லை. புதிதாக வெளிவந்த பத்துப்பாட்டு அவர் வணக்கத்தில் இடம்பெற்றமை, வாசிப்பின் எல்லை விரிந்தவுடன் விருப்பமும் விரிந்தமைக்குச் சான்றாகும். குறுந்தொகையை அச்சில் காணும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற் போனது அவர் குறையன்று. எந்த விருப்பத் தேர்வும் கிடைத்தவற்றுள் தேர்ந்த தேர்வே. இவ்வெல்லையை உணர்ந்து கூறும்போது ‘சிறந்தது’ என்னும் சொல் தன் ஆணவத்தை இழந்து உண்மையாகிறது.

புதியதும் பழையதும்

அக்காலப் பதிப்புகள் வேறொரு வினாவையும் எழுப்புகின்றன. வாசிப்பு விரிந்தபின் முன்னைய விருப்பத்தை என் செய்வது? 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்த நிகழ்ச்சி தமிழுலகம் நன்கறிந்தது. தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அவர் அடுக்கிக் கூற, முதலியார் அவற்றால் நிறைவடையாமல் பழைய காப்பியங்களைப் பற்றி வினவினார். அவ்வினாவிலிருந்து 1887இல் சீவகசிந்தாமணிப் பதிப்பு பிறந்தது.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் பழைய கல்வியின் குறையைக் காட்டவே எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் பிற்பகுதி அத்துணை கவனம் பெறுவதில்லை. சங்க நூல்களின் பெரும்பகுதியைக் கண்டு பதிப்பித்த பின்னரும் சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையோ அவருடைய பிரபந்தங்களையோ கைவிடவில்லை. 1933, 1934ஆம் ஆண்டுகளில் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். சுந்தரம் பிள்ளையும் தமக்கு மேலைத் தத்துவம் கற்பித்த பேராசிரியர் ஹார்வியை மறவாமல், தம் இடத்துக்கு ஹார்விபுரம் எனப் பெயரிட்டார். புதிய நூலைத் தேர்தல் பழைய நூலைத் துறத்தல் ஆகாது. முதலில் கற்ற நூலே அடுத்த நூலைக் கற்கும் கண்ணைத் தந்தது. அந்நூல் விருப்ப நூல் என்னும் இடத்தை இழக்கலாம். நன்றிக்குரிய இடத்தை இழப்பதில்லை.

முடிவுரை

பரந்த வாசிப்பு விருப்பத்தைத் தீர்ப்பாக உயர்த்திவிடுவதில்லை. பழக்கத்தால் வந்த பற்றினைப் பொறுப்புடைய தேர்வாக மாற்றுவதே அதன் பயன். அப்பொறுப்பு சில கடன்களை உடையது. எவற்றினிடையே தேர்ந்தோம் என்பதை மறையாது கூறல் வேண்டும். தேர்ந்த நூலின் சிறப்பைப் பிற நூல்களின் இழிவால் நிறுவாது, அந்நூலின் இயல்பால் நிறுவல் வேண்டும். ஒப்பிட நேருமிடத்து, தேரப்படாத நூலை விரும்புவோரும் ‘எம் நூல் இதுவே’ என ஏற்கும் வகையில் அதனை எடுத்துரைத்தல் வேண்டும்.

திருக்குறளின் நீதியைக் காரணம் காட்டிப் போற்றிய சுந்தரம் பிள்ளை இக்கடனுக்கு எடுத்துக்காட்டாகிறார்; பிறர் ஓதலை எள்ளிய இடத்தில் எச்சரிக்கையாகிறார். ஒரே பகுதியில் இரண்டும் இருத்தல் அவர் பெருமையைக் குறைப்பதில்லை. அரியன கற்றாரிடத்தும் ஆராய்ந்தால் குறை காணப்படும் என்ற வள்ளுவர் கருத்தை, வள்ளுவரைப் போற்றியவரிடத்தே காண்கிறோம். குணமும் குற்றமும் நாடி மிகை கொள்ளும் நெறி விருப்ப நூலுக்கு மட்டுமன்றி, அந்நூலைத் தேர்ந்தாருக்கும் உரியது.