கியாரா என்னும் நாமம்



ஆகஸ்ட் 11-ந் தேதி திருச்சபை அர்ச். கிளாரம்மாளின் திருநாளைக் கொண்டாடுகிறது. குழந்தையை ஞானஸ்நானத்திற்குக் கொண்டுவரும் பெற்றோரிடம் பெயர் என்னவென்று கேட்டால், இக்காலத்தில் "கியாரா" என்ற பதிலும் வருவதுண்டு. இந்தப் பெயரை ஏன் தெரிந்துகொண்டீர்கள் என்றால், "கேட்க அழகாயிருக்கிறது, சுவாமி" என்கிறார்கள். அழகான பெயர்தான். ஆனால் அது யாருடைய பெயர் என்று அறியாமல் வைப்பது, பெட்டியைத் திறந்து பாராமலே பிள்ளைக்குக் கொடுப்பதைப் போலிருக்கிறது.

கியாரா என்பது இத்தாலியப் பெண்களின் பெயர். இலத்தீனில் அது கிளாரா. துலக்கமானவள், பிரகாசமுள்ளவள், கீர்த்தி பெற்றவள் என்று பொருள். இலத்தீன் சொற்களில் 'கிள' என்று வரும் ஒலி இத்தாலிய மொழியில் 'கிய' என்று மாறிவிடுவதுண்டு. திருச்சபையைக் குறிக்கும் எக்கிளேசியா என்ற சொல் அங்கே கியேசா ஆயிற்று. ஆகவே புதிதாய்த் தோன்றும் கியாராவும், நம் பாட்டிமாருக்கு வைத்த கிளாராவும் ஒரே பெயர்தான். இத்தாலியருக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. தெளிந்த நீரையும் தெளிந்த வானத்தையும் அவர்கள் இதே சொல்லால்தான் சொல்லுகிறார்கள். நாம் ஒரு பெண்ணை ஜோதி என்று அழைப்பது எப்படியோ, அப்படியே அவர்களுக்கு இது.

இப்பெயர் பழைய உரோமையர் காலத்திலேயே உண்டு. ஆனால் அதைக் கிறிஸ்தவ உலகமெங்கும் பரவச் செய்தவள் அசீசி நகரத்து மகள் ஒருத்தி. ஏறக்குறைய 1194-ம் ஆண்டில் அவள் பிறந்தாள். அவளுடைய தாய் ஒர்த்தோலானா கருவுற்றிருந்தபோது, பாடுபட்ட சுரூபத்தின்முன் சுகப்பிரசவத்திற்காக மன்றாடினாள் என்றும், உலகத்தைப் பிரகாசிப்பிக்கும் ஒரு வெளிச்சத்தை நீ பெறுவாய் என்ற வாக்கு அவளுக்குக் கிடைத்தது என்றும் அர்ச்சியசிஷ்டவளின் பழைய சரித்திரம் கூறுகிறது. அதனால்தான் குழந்தைக்குக் கியாரா என்று பெயரிட்டாள். பார்த்தீர்களா? அந்தப் பெயர் ஜெபத்திலே பிறந்தது.

பெயர் கிடைத்தது எளிது. அதன்படி வாழ்வதற்கு விலை கொடுக்கவேண்டியிருந்தது. 1212-ம் ஆண்டு குருத்து ஞாயிறு இரவிலே, செல்வக் குடும்பத்துக் கன்னி வீட்டைவிட்டுப் புறப்பட்டாள். அர்ச். பிரான்சீஸ்கு அசீசியார் அவளுடைய கூந்தலைக் கத்தரித்தார். உறவினர் அவளை இழுத்துச்செல்ல வந்தபோது, பீடத்தைப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்கப்பட்ட தலையைக் காட்டினாள். பின் அசீசிக்கு வெளியே சான் தமியானோ மடத்தில் நாற்பது வருஷத்திற்கு மேல், நெடுநாள் நோயாளியாக, தரித்திரத்தில் ஜீவித்து 1253-ல் மரித்தாள். இரண்டே வருஷத்தில் பாப்பரசர் 4-ம் அலெக்சாந்தர் அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். அந்தப் பட்டத்தின் நிருபமே, பிரகாசம் என்ற அவள் பெயரின் பொருளை வைத்துத்தான் தொடங்குகிறது. மடத்துச் சுவருக்குள் அடைபட்டிருந்த விளக்கு ஊரெல்லாம் தெரிந்தது!

இத்தாலியில் சென்ற நூற்றாண்டின் கடைசியில் பெண் குழந்தைகளுக்கு மிகுதியாய் வைத்த பெயர்களில் இதுவும் ஒன்று. அவர்களில் ஒருத்தியைச் சொல்லுகிறேன். சாசெல்லோ என்ற ஊரில், பதினோரு வருஷம் பிள்ளையில்லாதிருந்த பெற்றோருக்கு 1971-ல் கியாரா பதானோ பிறந்தாள். பதினேழாம் வயதில் எலும்பிலே புற்றுநோய் கண்டது. வேதனையைச் சேசுநாதருக்கு ஒப்புக்கொடுத்தாள். அவளைத் தேற்ற வந்தவர்கள் தாங்களே தேற்றப்பட்டுத் திரும்பினார்கள். 1990-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி மரித்தாள். அவள் விருப்பப்படி அவளுடைய கண்களின் விழிவெண்படலம் இரண்டு இளைஞருக்குப் பார்வை தந்தது. 2010-ல் திருச்சபை அவளை முத்திப்பேறு பெற்றவள் என்று அறிவித்தது. பிரகாசம் என்ற பெயருடையவள் சாகும்போதும் பிறருக்கு வெளிச்சம் கொடுத்துப் போனாள்.

பிரியமானவர்களே, நம்மிடத்தில் நடப்பதென்ன? கோயில் பதிவேட்டிற்கு ஒரு பெயர், பள்ளிக்கூடத்திற்கு ஒரு பெயர், வீட்டில் அழைக்க மற்றொரு பெயர். பதிவேட்டுப் பெயரை மறுபடி கேட்பது கலியாண ஓலை வாசிக்கும்போதுதான்! சிலர் எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். சர்வேசுரனுடைய பராமரிப்பில் விசுவாசம் வைத்தவர்களுக்கு இது தகுமா? கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரைக் குழந்தைக்கு வைக்காதபடி பெற்றோரும், ஞானத்தாய் தகப்பன்மாரும், பங்குக்குருவும் கவனிக்கவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். புதுப்பெயர் வைப்பது குற்றமல்ல. தமிழ்ப்பெயர் வைப்பதும் நல்லதே. பொருளறிந்து, ஜெபித்து வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கொளுத்திய விளக்கை மரக்காலின்கீழ் யாரும் மூடிவைப்பதில்லை என்று நம் ஆண்டவர் படிப்பித்தார். இந்த வாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இரவு ஜெபத்திற்குப்பின் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்களுடைய ஞானஸ்நானப் பெயருக்குரிய அர்ச்சியசிஷ்டவரின் சரித்திரத்தையும் திருநாளையும் சொல்லிக்கொடுங்கள். தெரியாதவர்கள் பங்குக் கோயிலுக்கு வந்து கேளுங்கள். பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுகிறேன். நியாயத்தீர்ப்பு நாளிலே ஆண்டவர் நம்மைப் பெயர்சொல்லி அழைக்கும்போது, அந்தப் பெயரை நாம் வெட்கமின்றி ஏற்றுக்கொள்ள அர்ச். கிளாரம்மாள் நமக்காக மன்றாடுவாளாக. ஆமென்.