தை முதல் நாளும் உத்தராயணமும்

நுவரெலியாத் தோட்டங்களில் லயத்து வாசலிலே பொங்கலிடுகையில், ‘இன்று கதிரவன் வடக்கே திரும்புகிறான்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவன் திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22இல். நடுவே புடைத்த புவியை ஞாயிறும் திங்களும் ஈர்ப்பதால், அதன் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளில் ஒருமுறை பம்பரம்போல் தலைசுற்றி வருகிறது. விண்மீன்களைக் கொண்டு கணிக்கும் நம் சங்கராந்தி, அதனால் 72 ஆண்டுக்கு ஒரு நாளாகப் பருவத்தினின்று விலகுகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாயிருந்தன.

இதனை அறிந்தபின் நாளை மாற்றுவதா? வேண்டுவதில்லை என்பேன். தேயிலை மலையில் நெல்லறுவடையுந்தான் இல்லை; அதனால் இங்குப் பொங்கல் பொய்த்துவிட்டதா? கடலின் இருகரையிலும் உறவினர் ஒரே நாளில் உலையேற்றுகின்றனர். அந்நாளுக்கு அதுவே போதிய நியாயம். ஆயினும் அதன்பொருட்டுப் பிள்ளைகளிடம் பிழையானதைச் சொல்லும் உரிமை நமக்கில்லை. பானை பொங்குமுன் அவர்கள்முன் ஒரு பம்பரத்தைச் சுழற்றிக் காட்டலாமே.