எங்கள் ஊரா, நம் ஊரா?

நெல் விளைந்த வயலில் ஒரு நாள் பொக்லைன் இறங்குகிறது. வரப்பு இருந்த இடத்தில் செம்மண் சாலை, அதன் இருபுறமும் மஞ்சள் பூசிய மனைக்கற்கள், முகப்பில் ஒரு வளைவு, வரிசையாகக் கலர்க் கொடிகள். அடுத்த கிராம சபையில் ஊர் எழுந்து 'வேண்டாம்' என்கிறது. அந்த 'வேண்டாம்' அறத்தின் குரலா, வீடு உள்ளவர்களின் தன்னலமா?

எதிர்ப்பவர்கள் பக்கம் வலுவான நியாயம் உண்டு. நன்செய் நிலம் தனித்து நிற்பதில்லை. ஏரி மதகிலிருந்து வரும் வாய்க்கால் ஒருவர் வயலுக்குப் பாய்ந்தபின் அடுத்தவர் வயலுக்குப் போகிறது. நடுவில் நாலு ஏக்கரை மண் கொட்டி மேடாக்கினால் கோடையில் கடைமடை காயும். ஐப்பசி மழையில் மேல்மடை மூழ்கும். பட்டா ஒருவர் பெயரில் இருக்கலாம், அந்த நிலத்தின் வழியே போகும் தண்ணீர் எல்லோருக்கும் உரியது.

2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அங்கே தவித்தவர்களில் பலர், சேமிப்பையும் கடனையும் போட்டு வீடு கட்டி வந்த புதுக்குடிகள். தண்ணீர் போகும் வழியைப் பழைய ஊர்க்காரர் சொல்ல, அதைக் கேட்க ஓர் ஏற்பாடு இருந்தால் முதலில் தப்பிப்பவர்கள் இத்தகைய புதியவர்களே. நல்ல எதிர்ப்புக்கு இது ஓர் அடையாளம்: வரப்போகிறவரையும் அது காக்கும்.

சட்டம் தாமதமாகவே விழித்தது. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அடுத்த ஆண்டு, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது. வாங்கிய ஏழைக்கு அது நிம்மதி. ஆனால் மூடிய வாய்க்கால் வரன்முறையால் திறந்துகொள்ளாது.

இத்தோடு நிறுத்தினால் ஊரின் பக்கமே நியாயம் என்று எழுதிவிடலாம். அதே கிராம சபையில் இன்னொரு நாள் இன்னொரு 'வேண்டாம்' எழுகிறது. இம்முறை வரப்போவது நிலத் தரகரின் மனைப்பிரிவு அல்ல. ஒரே குடிசையில் மூன்று குடும்பமாக நெருக்கிக்கொண்டு வாழும் ஆதிதிராவிட மக்களுக்கான வீட்டுமனை. அத்தகைய தேவைகளுக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1978இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஊர் மனம் உவந்து இடம் விட்டிருந்தால் அந்தச் சட்டத்துக்கு அவ்வளவு வேலை இருந்திருக்காது. 1998இல் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகள்: தலித் மக்களுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லோரும் ஒரே தெருவில் வாழ, இருக்கிற ஊரில் இடமில்லாமல் புதிதாக ஓர் ஊரையே கட்ட வேண்டியிருந்தது.

சிக்கல் இங்கேதான். இரண்டு எதிர்ப்புகளும் ஒரே சொற்களைப் பேசுகின்றன. 'ஏரிக்கு ஆகாது', 'மாடு மேய இடமிருக்காது', 'ரோடு தாங்காது'. தண்ணீரைப் பற்றிய உண்மையான கவலையின் மொழியைச் சாதி இரவல் வாங்கிக்கொள்கிறது. மறுபக்கம், கவலைப்படுகிற எல்லோரையும் 'வளர்ச்சிக்கு எதிரி' என்று ஒதுக்கிவிடுவது மனை விற்பவருக்கு வசதி.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. எதிர்ப்பை நிபந்தனையாக மாற்றிப் பார்க்கலாம். வாய்க்காலை மூடாதே, கழிவுநீருக்கு வழி சொல், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சட்டப்படி விட வேண்டிய 10 சதவீதப் பொது இடத்தை முதலில் ஒப்படை. இவை நிறைவேறினால் சம்மதம் என்பவர் நிலத்தைப் பற்றிப் பேசுகிறார். எல்லாம் நிறைவேறிய பிறகும் 'வேண்டாம்' என்பவர் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறார். நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசமைப்பின் 19ஆம் பிரிவு தருகிறது. அதை மறுக்க ஊர்க்கூட்டத்துக்கு அதிகாரமில்லை.

எதிர்ப்பவர் தம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வயலைச் சதுர அடிக் கணக்கில் விற்றவர் வெளியூர்க்காரரா? வாய்க்கால் புறம்போக்கில் பங்காளி மாட்டுக்கொட்டகை போட்டபோது யார் மனு கொடுத்தார்கள்? தன்னவருக்கு வளைந்து கொடுத்த விதியை அந்நியருக்கு மட்டும் நிமிர்த்திப் பிடிப்பது நீதியாகாது. தாமதத்தின் விலையும் சமமாக விழுவதில்லை. மனு, வழக்கு, ஒத்திவைப்பு என்று ஆண்டுகள் போகும்போது எதிர்ப்பவர் தன் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கிறார். மற்றவர் ஒழுகும் கூரையின் கீழ்.

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. 'எங்கள்' என்றால் கேட்பவர் சேர்த்தியில்லை. 'நம்' என்றால் அவரும் உண்டு. கிராம சபையில் வீட்டுமனை கேட்பவரும் அதே பாயில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகம் பார்த்து 'நம் ஏரியைக் காப்பாற்ற வேண்டும்' என்று சொல்ல முடிகிறவரின் எதிர்ப்பைக் கேட்டே ஆக வேண்டும். அவரிடமே 'எங்கள் ஊர்' என்கிறவர், ஏரியைப் பற்றி இன்னும் பேசத் தொடங்கவில்லை.